எங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது

என் மகள் ஒன்றாம் வகுப்பில் படித்த வருடம் முழுவதும் நான் இன்னொருத்தியைப் பார்த்து வயிறெரிந்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலையில் அடுப்பில் பால் வைக்கும்போதே அந்த எரிச்சலும் கூடவே எழுந்துகொள்ளும். அந்த இன்னொருத்தி என் மகளின் வகுப்பு டீச்சர். நானும் அதே பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

இரணியலிலிருந்து தக்கலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர். கிறிஸ்தவ சபை நடத்தும் தொடக்கப்பள்ளி. ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் தென்னை, பின்னால் கோயில் மணிக்கூண்டு. நானும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவோம். பள்ளிக்கூட கேட் வரைக்கும் நான் அம்மா. கேட்டைத் தாண்டிவிட்டால் டீச்சர். டீச்சர்மார் தங்கள் பிள்ளைகளை அதே பள்ளியில் சேர்த்தால் எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளின் அம்மாமார் நாலு விதமாகப் பேசுவார்கள். இடைவேளையில் மகள் கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் நான் ஓடிப் போய்த் தூக்கக்கூடாது. அவளுடைய டீச்சர்தான் தூக்க வேண்டும். தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டியில் ஊதி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். நான் நாலாம் வகுப்பு வாசலில் ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளும் நானும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே செட். பாடம் நடத்திக் காட்டும் பரீட்சையில் எனக்குத்தான் முதலிடம். அவள் நடுவில் எங்கேயோ கிடந்தாள். கரும்பலகையில் அவளுடைய எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். வேலை எனக்கு முதலில் கிடைத்தது, அவளுக்கு நாலு வருடம் கழித்து. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

திருவனந்தபுரத்தில் கம்பெனி நடத்தும் ஊர்க்காரர் ஒருவர், அங்கே பழசாகிப் போன மூன்று கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். வேனில் வந்து இறங்கின. தலைமையாசிரியர் நேராக என்னிடம்தான் வந்தார்.

“டீச்சர், நீங்க கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சவங்கல்லா. இத நீங்களே பாத்துக்கிடுங்க.”

“எனக்கு போர்ஷன் முடியாம கிடக்கு சார்” என்றேன். “இந்தப் பிள்ளையளுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர். பாதிக்கு மூக்கு தொடைக்கத் தெரியாது.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பப்படம் கடித்துக்கொண்டிருந்தாள். “நான் எடுக்கேன் சார், எனக்க வகுப்புல வச்சுக்கிடலாம்” என்றாள். அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று தள்ளியதை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்ட பிறகுதான் அது எனக்கு வேண்டியதாயிற்று.

அவளுடைய அக்காவைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காவும் டீச்சர். அங்கே கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் அப்போதே இலவச மென்பொருள்தான் புழங்கியது. அடுத்த வாரமே அக்கா வீட்டிலிருந்து ஏத்தங்காய் வற்றல் பொட்டலத்தோடு ஒரு சிடியும் எல்லை தாண்டி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் நிறைந்த சிடி. குளத்தில் நீந்தும் வாத்துகளை எண்ண வேண்டும். மேலிருந்து விழும் எழுத்து தரையில் படும் முன்னே அதே எழுத்தைத் தட்ட வேண்டும். ஒரு ரயில் வந்து நின்று போகும், அதில் என்னென்ன பெட்டி இருந்தது என்று நினைவு வைத்து அதே மாதிரி கோத்துக் காட்ட வேண்டும். படம் வரையவும் இருந்தது. அதில் பிரஷ்ஷை இழுத்தால் வானவில்லாக வரும்.

பள்ளியின் தாளாளர் எங்கள் போதகர். அவருக்கு ஒரே பயம். மார்த்தாண்டத்தில் ஏதோ சிடிக் கடையில் போலீஸ் புகுந்த கதையைக் கேள்விப்பட்டிருந்தார். “இத ஒண்ணுல இருந்து மூணுல காப்பி பண்ணினா களவாயிராதா?” என்று கேட்டார்.

“ஆகாது ஐயா. யாருக்கு வேணும்னாலும் காப்பி பண்ணிக் குடுக்கலாம்னு அதிலேயே எழுதியிருக்கு” என்றாள்.

போதகர் சமாதானமாகி, மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனார். எனக்குச் சமாதானமாகவில்லை. “சும்மா குடுக்கான்னா அதுல என்னமோ கேடு இருக்கு” என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் சும்மா வருவதற்கு மரியாதை கிடையாது. தக்கலையில் உள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குத் தனி ஃபீஸ் வாங்கினார்கள். அதைக் கட்டிய அப்பாமார் கல்யாண வீட்டில் அதைச் சொல்லிக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் எங்க டீச்சர், எங்க டீச்சர் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. சோறு தின்னும்போது எங்க டீச்சர். குளிக்க வைக்கும்போது எங்க டீச்சர். அவள் பிச்சிப்பூவை ஒற்றைப் பின்னலில் வைப்பாளாம், தனக்கும் ஒற்றைப் பின்னல்தான் வேண்டுமாம். அவ்வளவு நாளும் நான் இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, மடித்துவிட்ட தலை அது. சனிக்கிழமை காலையில் எழுந்து யூனிஃபார்மைக் கேட்டு அழுதாள். பள்ளிக்கூடம் கிடையாது மக்ளே என்றால், “எங்க டீச்சர் வருவாங்க” என்றாள்.

“பிள்ளைய எழுதிக் குடுத்தாச்சா?” என்று என் கணவர் கேட்டார். அவருக்குச் சிரிப்பு. அவருக்கு எதற்கும் சிரிப்புதான்.

“நானும் டீச்சர்தானே மக்ளே” என்று ஒருநாள் நயமாகக் கேட்டேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “நீ நாலாங் கிளாஸ் டீச்சர்” என்றாள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் பாடம் நடத்துகிற சத்தமே கேட்பதில்லை. பிள்ளைகளின் சத்தம்தான் கேட்கும். நான் இங்கே தொண்டை கிழிய பின்னம் நடத்திக்கொண்டிருப்பேன். அங்கே கூட்டமாகச் சிரிப்பார்கள். உடனே என் வகுப்பில் நாற்பது தலையும் தட்டியின் பக்கம் திரும்பும். ஒருநாள் பிள்ளைகளுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டு, தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மூன்று கம்ப்யூட்டர் முன்னாலும் பெஞ்சு போட்டுப் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை மவுஸைப் பிடித்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அதில் சண்டை வரவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். அவள் நடுப் பெஞ்சின் ஓரத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளில் ஒரு பிள்ளையாக இருந்தாள். “ஐயோ, ரயில் போயிற்றே. எந்தப் பெட்டி முதல்ல வந்தது? எனக்கு மறந்து போச்சே” என்றாள்.

“மஞ்சப் பெட்டி டீச்சர்” என்றது ஒரு குரல். என் மகளின் குரல். எழுந்து, டீச்சரின் கையைப் பிடித்து, மவுஸின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டினாள். “இப்படி டீச்சர். பதுக்க. வேகமா இழுத்தா விழுந்துரும்.”

“அப்படியா? எனக்கு இது தெரியாம போச்சே” என்றாள் அந்த நடிகை.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மகள் என்னிடம் ரகசியம் போலச் சொன்னாள்: “எங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நாங்கதான் சொல்லிக் குடுக்கோம்.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. தலைமையாசிரியர் முகத்தில்கூட நான் அப்படி ஒரு பொறுப்பைப் பார்த்ததில்லை. எனக்குக் கடுப்பாக வந்தது. ஒன்றும் தெரியாதாம். அக்கா வீட்டில் போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு விளையாட்டையும் ஆடிப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அந்த நாட்களில் பவர்கட் கடுமையாக இருந்தது. என் கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. ஊரில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள், நான் மட்டும் திட்டவில்லை. ஒன்றாம் வகுப்பில் கரெண்ட் போய், “ஆ” என்று ஒரு சத்தம் கேட்கும்போது எனக்கு உள்ளே குளிரும். இனி என்ன செய்வாள் பார்ப்போம் என்று நினைப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால், கரும்பலகையில் அந்தச் சரிந்த கையால் குளத்தையும் வாத்துகளையும் வரைந்து வைத்திருப்பாள். பிள்ளைகள், “இந்த வாத்தை அமுக்குங்க டீச்சர்” என்று உத்தரவு போட, விரலால் பலகையை அமுக்கிக்கொண்டிருப்பாள். கரெண்ட் இருந்தாலும் அவளுக்கு லாபம், போனாலும் லாபம்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவளே வந்தாள். பழைய சிநேகிதம் இருந்ததால் தனியாக இருக்கும்போது அவள் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

“ஏட்டி, ஒனக்க வீட்டுலதான் கம்ப்யூட்டர் இருக்கே. இந்த சிடிய ஒண்ணு காப்பி போட்டுத் தரட்டா? ஒனக்க மவ கெட்டிக்காரி. வீட்டுல இருந்து ஆடுவா.”

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. தவணையில் வாங்கி, பூ வேலை செய்த துணியால் மூடி, ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக் கேட்க மட்டும் திறந்து வைத்திருந்தோம். அவள் கையிலிருந்து அந்த சிடியை வாங்கினால் என் வீட்டுக்குள்ளும் அவளை நானே கூட்டிக்கொண்டு போன மாதிரி ஆகும்.

“எங்க கம்ப்யூட்டர் கேடாயிற்று டீச்சர்” என்றேன். டீச்சர் என்று அழுத்திச் சொன்னேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. “செரி, சீராக்கினதும் சொல்லு” என்றுவிட்டு, என் டிஃபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு மீன் பொரித்ததை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சனிக்கிழமையே நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். சும்மா கிடைத்ததை வைத்துக்கொண்டே அவள் இவ்வளவு செய்கிறாள் என்றால், காசு கொடுத்து வாங்கியது எவ்வளவு செய்யும் என்பதுதான் என் கணக்கு. கடைக்காரரிடம், “சின்னப் பிள்ளையளுக்கு உள்ளது, இருக்கதுல ஒசந்ததா குடுங்க. வெல பத்திப் பிரச்சனை இல்ல” என்றேன். விலை பற்றிப் பிரச்சனை இல்லை என்று சொன்ன வாடிக்கையாளரை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஒரு டப்பாவோடு வந்தார். பளபளவென்று அட்டை, அதில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்கிற காசு அதற்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாப்பாடும் முடிந்து, மகளை மடியில் இருத்திக்கொண்டு துணியை விலக்கினேன். கணவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். சிடி சுழன்றது, திரை வந்தது. ஒரு குளம் வந்தது. குளத்தில் வாத்து வந்தது.

“ஐ, எங்க டீச்சருக்க வாத்து” என்றாள் மகள்.

நான் அடுத்ததை அமுக்கினேன். ரயில். அடுத்தது, விழும் எழுத்துகள். அடுத்தது, வானவில் பிரஷ். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் அதேதான். கடைக்காரர் எங்கிருந்தோ அதே இலவச சிடியைக் காப்பி போட்டு, அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையையும் ஒட்டி என் தலையில் கட்டியிருந்தார். கணவர் பேப்பரைத் தாழ்த்தி, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, “சும்மா தாறேன்னு சொன்னத வேண்டாம்னுட்டு காசு குடுத்து வாங்கினது இந்த ஜில்லாவுலேயே நீ ஒருத்திதான்” என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பேப்பர் மறுபடியும் உயர்ந்தது.

சரி, போனது போகட்டும், பிள்ளை மடியில் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். இப்போது இந்த வாத்து என் வீட்டு வாத்து. எப்படி எண்ண வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். பாடம் நடத்துவதில் முதலிடம் வாங்கியவள் நான். நான் சொன்னபடியெல்லாம் மகள் செய்தாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டாள். மடியிலிருந்து இறங்குவதற்காக உடம்பு நெளிந்தது. அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று டீச்சரின் கையைப் பிடித்து இழுத்த பிள்ளையா இது.

அப்போதுதான் எனக்கு அந்த வித்தை ஞாபகம் வந்தது. மவுஸை விட்டேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன்.

“ஐயோ, ரயில் போயிற்றே. எந்தப் பெட்டி மக்ளே முதல்ல வந்தது? அம்மாக்கு ஒண்ணும் பிடிபடல்லியே.”

மகள் கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“அம்மா, நீ நடிக்காண்டாம். ஒனக்குத் தெரியும்” என்றாள்.

பேப்பருக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவள் நடித்தால் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பது, நான் நடித்தால் நடிக்காண்டாம். என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. அதுவரை எடுக்காமல் வைத்திருந்தேன். எடுத்தேன்.

“உங்க டீச்சருக்கும் எல்லாம் தெரியும் மக்ளே. அவ அக்கா வீட்டுல போயி எல்லாம் படிச்சிட்டுத்தான் வந்தா. சும்மா தெரியாத மாதிரி உங்ககிட்ட நடிக்கா.”

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு பிதுங்கும், கண் நிறையும், அப்போது அணைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு கையும் தயாராகவே இருந்தன. மகள் மவுஸை நகர்த்தி ஒரு வாத்தை அமுக்கினாள்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அவங்களுக்குத் தெரியும்னு தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஒருக்க நாங்க வெளிய போயிட்டு சீக்கிரம் வந்தோம். அவங்க தனியா இருந்து ரயில் ஆடிட்டு இருந்தாங்க. ஒரு தப்புகூட விடல்ல.”

“பொறவு எதுக்குட்டி எங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்கிட்ட சொன்ன?”

“அது யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு நாங்க பேசி வச்சிருக்கோம்.” குரலைத் தாழ்த்தினாள். “நாங்க சொல்லிக் குடுத்தா அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம் வரும்மா. மொகத்தைப் பாத்தாத் தெரியும். அதுனால எங்களுக்கும் தெரியாத மாதிரியே இருப்போம். நீ அவங்கள்ட்ட சொல்லிராத.”

ஆறு வயதுப் பிள்ளைகள், ஒரு வகுப்பு முழுக்க, கூடிப் பேசி முடிவெடுத்து, ஒரு டீச்சரின் சந்தோஷத்துக்காகத் தினமும் நடித்துக்கொண்டிருந்தார்கள். என் நாலாம் வகுப்பில் எனக்காக ஒரு பிள்ளை கொட்டாவியைக்கூட அடக்கியதில்லை. நான் எதைப் போட்டு உடைக்கலாம் என்று இத்தனை நாள் வைத்திருந்தேனோ, அது உடைகிற சாமானே இல்லை.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். “அம்மாக்கும்தான் மக்ளே சந்தோஷம் வரும். அம்மாகிட்ட மட்டும் ஏன் நடிக்காண்டாம்னு சொன்ன?”

இவ்வளவு லேசான கேள்வியா என்பது மாதிரி அவள் பார்த்தாள். “நீ எனக்க அம்மால்லா” என்றாள். மடியிலிருந்து இறங்கி, கோழிக்குஞ்சு பார்க்கக் கொல்லைப்புறம் ஓடிவிட்டாள்.

கணவர் பேப்பரை மடித்து வைத்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “கேட்டியா? இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?” என்றார்.

இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் இந்த இடத்தில் அவர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. ஆசீர்வதிக்கப்பட்டவள் நீ என்கிறார்கள். எனக்கு அன்றைக்கும் கலங்கவில்லை, இன்றைக்கும் இல்லை. அந்த வருடம் முடிந்து மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள், வேறு டீச்சர் வந்தாள், ஒற்றைப் பின்னலும் மறந்து போயிற்று. இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். ஃபோனில் மனதில் பட்டதைப் பட்டபடி என்னிடம் சொல்கிறாள். என் குழம்பு உப்பு என்றால் உப்பு என்கிறாள். அது பெரிய பாக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த டீச்சரின் முகம் மலரும் என்பதற்காக, தெரியாத மாதிரி இருந்து, பக்கத்துப் பிள்ளையிடமும் சொல்லி வைத்து, எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாளே. ஒரே ஒரு நாள் எனக்காகவும் அவள் அப்படி நடித்திருக்கலாம்.